பாதியில் விட்டாலும் நிற்கும் கட்டில்

பம்பாய் செம்பூரில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கியிருக்கும் என் மகளுக்கு, ஒரகடத்திலிருந்து உன் அப்பா எழுதுவது. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. தபால்காரர் பட்டறைக்கே கொண்டுவந்து கொடுத்தார். கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிய பிறகுதான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அறை பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறாய். அதிலேயே அடுப்பு, அதிலேயே மாப்பிள்ளையின் புத்தகங்கள், அதிலேயே நீ கொண்டுபோன தையல் மெஷின். ஒரு கட்டிலையும் வாங்கிப் போட்டால் மாப்பிள்ளை சட்டை மாட்டும்போது நீ வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்த இடத்தில் உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல தச்சர் ஒருவர் கிடைத்திருக்கிறார், "நீங்கள் கண்டுபிடித்த சுவர்க் கட்டிலின் படத்தை உடனே அனுப்புங்கள், அப்பா" என்று முடித்திருந்தாய். அந்த வரியைப் படித்ததும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். படம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. ஆனால் படத்தைப் பிரிப்பதற்கு முன் நீ கடிதத்தைப் படித்து முடிக்க வேண்டும். அந்தக் கட்டிலைப் பற்றி உனக்குச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கதை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை.

நாம் அப்போது குடியிருந்த அறை உனக்கு நினைவிருக்கும். வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் சந்திக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, நான் பம்ப்செட் பிட்டராக இருந்த பட்டறைக்குப் பின்னால், ஓடு போட்ட ஒரே அறை. சமைப்பதற்குப் பின்பக்கம் ஒரு சாய்ப்பு. பகலில் அந்த அறை நம்முடையதே அல்ல. காலை பத்து மணிக்கெல்லாம் வல்லத்திலிருந்தும் வடகாலிலிருந்தும் ஆறு பெண்கள் தையல் கற்றுக்கொள்ள வந்துவிடுவார்கள். வீட்டு வேலை, மாட்டு வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு நடந்தே வருவார்கள். இரண்டு மெஷின், துணி விரித்து வெட்ட ஒரு பெரிய பாய், இவ்வளவுதான் உன் அம்மாவின் பள்ளிக்கூடம். அவள் மிஷன் பள்ளியில் தையல் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். கல்யாணம் பேசும்போது எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு ஏதேதோ கேட்டார்கள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு தையல் வகுப்பு நடத்த விடுவீர்களா என்று கேட்டாள். விடுகிறேன் என்றேன். பெண் பிடித்துப் போயிருந்தது. அந்த நேரத்தில் அவள் ஆகாய விமானம் ஓட்டட்டுமா என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஐப்பசி மழையில் கிணற்றடிக் கல் வழுக்கி அவள் மல்லாக்க விழுந்தாள். குடம் உடையவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மறுநாள் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எலும்பு எதுவும் முறியவில்லை, முதுகெலும்பில் தட்டு நகர்ந்திருக்கிறது, தரையில் படுக்கக் கூடாது, தரையிலிருந்து எழுந்திருக்கவும் கூடாது, ஒரு வருஷமாவது கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது நான் அவள் முதுகைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அறையை மனசுக்குள் அளந்துகொண்டிருந்திருக்கிறாள். ஸ்டாப்பிங் வருவதற்கு முன்னால், "கட்டிலப் போட்டுட்டா கிளாஸ எங்க வெக்கறது?" என்று கேட்டாள். அந்த வருஷம் இரண்டு பெண்கள் கவர்மெண்ட் தையல் பரீட்சை எழுதுவதாக இருந்தார்கள்.

பட்டறை முதலாளி தன் வீட்டிலிருந்து ஒரு பழைய கட்டிலை அனுப்பி வைத்தார். போட்டுப் பார்த்தோம். ஒரு மெஷின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று பெண்கள் சாய்ப்பில் போய் உட்கார்ந்தார்கள். சாரல் அடித்து அவர்கள் துணியெல்லாம் நனைந்தது. ஒருத்தி கட்டில் மேலேயே துணியை விரித்து ஜாக்கெட்டுக்கு வெட்டினாள். ஜாக்கெட்டோடு சேர்த்து மெத்தை உறையையும் வெட்டிவிட்டாள். பஞ்சு பறக்க ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு, பரீட்சை எழுதுகிற இருவரைத் தவிர மற்றவர்களை அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று என்னைக் கேட்டாள். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. யாரையும் நிறுத்தாதே, பகலில் சுவரோடு போய் நிற்கிற மாதிரி நான் ஒரு கட்டில் செய்கிறேன் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். எனக்கென்ன, பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரையே பிரித்துப் போட்டுப் பூட்டுகிறவன். ஒரு கட்டில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

முதல் கட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கதவுக்குப் போடுகிற கீல் மூன்றை வாங்கிவந்து, சுவரில் ஒரு மரச் சட்டத்தை ஆணி அடித்துப் பதித்து, கட்டிலின் தலைப்பக்கத்தை அதோடு பூட்டினேன். கால்பக்கத்தைத் தூக்கினால் கதவு மாதிரி மேலே போய்ச் சுவரோடு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நானே முதலில் படுத்துப் பார்த்தேன். கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தேன் என்றுகூட நினைவு. அப்படியே சட்டமும் கீலும் ஒரு கூடை அளவு காரையும் சேர்ந்து என் தலைமேல் வந்து விழுந்தன. அது செங்கல்லும் சேறும் வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். ஒரு காலண்டரைத்தான் அது தாங்கும். பக்கத்து வீட்டிலிருந்த வீட்டுக்காரர் முனுசாமி சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். தரையில் சுண்ணாம்பு பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்த என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "செவுத்துல இன்னொரு ஆணி அடிச்சீங்கன்னா வேற வூடு பாத்துக்குங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது.

ஆகவே இரண்டாவது கட்டில் சுவரைத் தொடவே இல்லை. இரண்டு கனமான வேப்பமரக் கம்பங்களை நட்டுவைத்த மாதிரி நிறுத்தி, அடியில் அகலமான பாதம் கொடுத்து, மேலேயும் கீழேயும் குறுக்குச் சட்டம் போட்டு, அந்தக் கம்பங்களில் கட்டிலின் தலைப்பக்க முனையைப் பெரிய போல்ட் கொண்டு பூட்டினேன். அது அசையவில்லை. ஆனால் பலகையும் மெத்தையும் சேர்ந்து கனம் அதிகம். நான் காலை ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போய்விடுவேன். பத்து மணிக்குப் பெண்கள் வருவதற்குள் கட்டிலை மேலே தூக்க வேண்டியவள் முதுகு பிடித்த உன் அம்மா. அதற்கும் ஒரு வழி செய்தேன். மேல் சட்டத்தில் ஒரு கப்பியை மாட்டி, கட்டிலின் கால்பக்கத்தில் கட்டிய கயிற்றை அதன் வழியாக விட்டு, மறுமுனையில் இரும்புத் துண்டுகள் நிரப்பிய சாக்கைத் தொங்கவிட்டேன். சாக்கு கீழே இழுக்கும், கட்டில் மேலே எழும்பும். கட்டிலைத் தரையில் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி. கொக்கிக்குப் பதிலாக அன்றைக்கு ஒரு வளைந்த ஆணியை மாட்டினேன், நல்ல கொக்கி மறுநாள் பட்டறையிலிருந்து கொண்டுவரலாம் என்று. அந்த மறுநாள் ஒன்பது நாள் கழித்தும் வரவில்லை.

இப்போது, மகளே, இதுவரை உன்னிடம் நான் சொல்லாத பகுதி. மூன்றாம் நாள் காலையில் உன் அம்மா என்னிடம் சொன்னாள், கட்டில் கீழே இருக்கும்போது சாதுவாக இருக்கிறது, பாதி உயரம் போனதும் கையைப் பிடுங்கிக்கொண்டு பாய்கிறது என்று. நான் சிரித்தேன். கணக்குப் போட்டுத்தான் எடை கட்டியிருக்கிறேன், உனக்குப் பழக்கமில்லை, பழகிவிடும் என்றேன். ஐந்தாம் நாள் மறுபடியும் சொன்னாள். அப்போது நான் சிரிக்கக்கூட இல்லை. தையல் மெஷினைப் பற்றி நான் உனக்குச் சொல்லித் தருகிறேனா, கட்டிலைப் பற்றி நீ எனக்குச் சொல்லாதே என்று சொல்லிவிட்டேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் லீவு. நீ தலைமாட்டில் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாய். அவள் கால்பக்கத்திலிருந்து எழுந்தாள். ஆணி நழுவியது. கட்டில் உன்னையும் சேர்த்துக்கொண்டு சுவருக்குப் போய்விட்டது.

பட்டறைக்கே அவள் அலறல் கேட்டது. நான் ஓடிவந்து கயிற்றை அறுத்துக் கட்டிலை இறக்கியபோது, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணைகளின் மேல் நீ குந்தியிருந்தாய். உதட்டில் ரத்தம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இன்னொரு தபா தூக்கு" என்றாய். நீ இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய், நானும் கூடவே சிரித்திருக்கிறேன். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை, அந்த இரும்புச் சாக்கைத் தூக்கி வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். தலையணை இல்லாமல் இருந்திருந்தால், நீ ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்தால், என்றெல்லாம் எத்தனையோ வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். உன் அம்மா என்னைத் திட்டவில்லை. இரண்டு தடவை சொன்னேனே என்றும் கேட்கவில்லை. உன் வாயைக் கழுவிவிட்டு, பாயை எடுத்துத் தரையில் விரித்தாள். அன்றிலிருந்து தரையில்தான் படுத்தாள். காலையில் எழும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூன்று தவணையாக எழுந்திருப்பாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன். நீ கணவன் வீட்டுக்குப் போன பெண் என்பதால் இதையெல்லாம் எழுதுகிறேன். ஒரு பொருளோடு நாள் முழுவதும் இருக்கிறவர் அது சரியில்லை என்று சொன்னால், செய்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இந்த இடத்தைப் படித்துக் காட்டு. நீ செய்கிறவளாக இருக்கும்போது உனக்கும் இது பொருந்தும்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார். உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. உட்கார்ந்தால் வலிக்கிறது என்று அவள் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கூட்ஸ் வண்டி போனது. கேட்கீப்பர் வந்து, சாலைக்குக் குறுக்கே கிடந்த அந்த நீளக் கம்பத்தின் குட்டை முனையை ஒரு கையால் அழுத்தினார். கம்பம் எழும்பியது. பாதி எழும்பியபோது முன்னால் நின்ற மாட்டு வண்டியில் ஒரு மாடு மிரண்டு தண்டவாளத்துப் பக்கம் திரும்பியது. அவர் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். உன் அம்மா என் தோளைத் தட்டினாள்.

"அத்தப் பாருங்க."

கேட்டைத் திறக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்றேன்.

"பாதியில வுட்டுட்டுப் போய்ட்டாரு. அது பாட்டுக்கு நிக்குது பாருங்க. நம்ம கட்டிலு பாதியில நிக்காமதான கொழந்தைய இட்டுக்கினு போச்சு."

அது வேறே இது வேறே என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் வாயை மூடிய சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அதற்குள் அவள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கேட்கீப்பரிடம் போய், அந்தக் குட்டை முனையில் மாட்டியிருக்கிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பின்னாலேயே நானும் இறங்கினேன். கேட்கீப்பர் நல்ல மனுஷர். பெட்டி நிறையப் பழைய இரும்பு என்று காட்டினார். "தொட்டுப் பாரும்மா, கொழந்தகூட தூக்கும்" என்றார். அவள் கம்பத்தை ஒரு விரலால் கொஞ்சம் மேலே தள்ளினாள், நின்றது. கொஞ்சம் கீழே இறக்கினாள், அங்கேயும் நின்றது. இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் காதில் எதுவும் விழவில்லை. கேட் திறந்ததும் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது, ரயிலில் போகலாமென்றால் செங்கல்பட்டு ரயிலையும் தவறவிட்டோம். அடுத்த வண்டி வரும்வரை ஸ்டேஷன் பெஞ்சருகே, அவள் நின்றபடியும் நான் உட்கார்ந்தபடியும், என் கையையே கட்டிலாக நீட்டி அவள் தையல் டேப்பால் அளந்துகொண்டிருந்தோம்.

விஷயம் என்னவென்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அதை உனக்கும் சொல்கிறேன், உன் தச்சர் கேட்டால் சொல்ல வேண்டுமே. கட்டில் படுத்தவாக்கில் இருக்கும்போதுதான் தூக்கக் கனமாக இருக்கும். மேலே போகப் போகக் கனம் குறைந்துகொண்டே வரும். நான் கயிற்றில் கட்டிய சாக்கோ கீழேயும் ஒரே இழுப்பு, மேலேயும் ஒரே இழுப்பு. அதனால்தான் பாதிக்கு மேல் பாய்ந்தது. எடையைக் கயிற்றில் கட்டாமல் கட்டிலின் உடம்பிலேயே, அச்சுக்கு மறுபக்கத்தில் வைத்துவிட்டால், கட்டிலின் கனம் குறைகிற அதே அளவில் அந்த எடையின் இழுப்பும் குறையும். எங்கே விட்டாலும் நிற்கும். அதற்கு அச்சு கட்டிலின் முனையில் இருக்கக் கூடாது. முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். கால்பக்கம் மேலே போகும்போது தலைப்பக்கம் கீழே இறங்கும். நான் தலைமாட்டு முனையிலேயே கீல் போட்டதுதான் முதல் நாளிலிருந்து செய்த தப்பு.

மூன்றாவது கட்டில் செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். பழைய பம்ப்செட்டின் இரும்பு ஷாப்ட் தண்டை இரண்டு துண்டாக அறுத்து அச்சாக்கினேன். கம்பங்களில் துளை போட்டுப் புஷ் என்கிற பித்தளை வளையம் அடித்து, அதில் அச்சை உட்கார வைத்தேன். தலைப்பக்கத்து அடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் பட்டறையில் கிடந்த பழைய இரும்புச் சக்கரங்கள் இரண்டு. ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துச் சேர்த்து எடையைச் சரிபார்த்தோம். சரியாகச் சமமாக வைக்காமல், கால்பக்கம் ஒரு படி அரிசி அளவுக்குக் கனமாக இருக்கட்டும், தானாக மேலே போகிற ஆசையே அதற்கு வரக் கூடாது என்றாள். யாராவது தலைமாட்டில் உட்கார்ந்தால் கால்பக்கம் தூக்கிக்கொள்ளுமே என்று கண்டுபிடித்ததும் அவள்தான். அதற்காகக் கம்பத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்பு ஊசிகள், கட்டில் கீழே இருக்கும்போது தாழ்ப்பாளாகக் குத்தி வைக்க. மேலே இருக்கும்போது குத்தி வைக்கவும் தனியாக இரண்டு. ஒரு பக்கம் மட்டும் ஊசி போதுமே என்று நான் முனகினேன். ஒரு குழந்தையின் கைக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எட்டக் கூடாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் முனகவில்லை. கட்டில் எழுந்து நின்றால் அதன் அடிப்பலகை அறையைப் பார்த்து நிற்கும் அல்லவா, அதற்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். எதற்கென்று கேட்டதற்கு, அடித்துவிட்டுப் பாருங்கள் என்றாள்.

திங்கட்கிழமை காலையில் நான் பட்டறைக்குக் கொஞ்சம் நேரம் கழித்து வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே நின்றேன். ஆறு பெண்களும் வந்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கட்டில் கிடப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். உன் அம்மா நேராக நின்று, குனியாமல், ஊசிகளை உருவி, கால்பக்கச் சட்டத்தில் இரண்டு விரலை வைத்தாள். கட்டில் எழும்பியது. பாதியில் வேண்டுமென்றே கையை எடுத்தாள். அது அப்படியே நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு மிச்சத்தையும் தூக்கி நிறுத்தி, மேல் ஊசிகளைக் குத்திவிட்டு, பலகையின் மேல் சாக்பீஸால் ஒரு ஜாக்கெட்டின் முன்பக்கத்தை வரைந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்குத்தான் கரும்பலகை வந்தது. அந்த வருஷம் பரீட்சை எழுதிய இரண்டு பேரும் பாஸ். ஒருத்தி இன்று வாலாஜாபாத்தில் கடை வைத்திருக்கிறாள். உன் கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் தைத்தது அவள்தான்.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் முதலாளி கட்டிலைப் பார்க்க வந்தார். மேலே தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், பாதியில் விட்டுப் பார்த்தார். இது யாருடைய யோசனை என்று கேட்டார். உன் அம்மா காபி டம்ளரோடு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். நான்தான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இரண்டு கட்டில்கள் தோற்றுப்போனது பட்டறை முழுக்கத் தெரிந்து எல்லாரும் கேலி செய்துகொண்டிருந்தார்கள், அது ஒரு காரணமாக இருக்கலாம். அவள் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு தடவை சொன்ன பொய்யை அப்புறம் நான் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று, ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நர்ஸ் ஒருவர் தன் குவார்ட்டர்ஸுக்கு ஒன்று வேண்டும் என்று வந்தார். அதற்குப் பிறகு வரிசையாக எத்தனையோ பேர். என் பேரே கட்டில் மேஸ்திரி என்றாகிவிட்டது. ஒவ்வொரு கட்டிலுக்கும் அளவு எடுக்க அவள் என்கூட வருவாள், டேப் பிடிக்க என்று நினைத்துக்கொள்வார்கள். எடை எவ்வளவு வைக்க வேண்டும் என்று என் காதில் அவள்தான் சொல்வாள். உன் கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, எங்கள் சம்பந்தி பெரிய மூளைக்காரர், கட்டிலைக் கண்டுபிடித்தவர் என்று பேசினாரே, அப்போது அவள் என் பக்கத்தில் நின்று என் தோளிலிருந்து நழுவிய அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். இவ்வளவு வருஷத்தில் எனக்கு வெட்கம் வந்தது அன்றைக்குத்தான் என்று சொன்னால் நம்புவாயா? அதுவரை நானே என் பொய்யை நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டிலை வைத்து இல்லறத்துக்கு உவமை சொல்லப் போகிறேன் என்று நினைக்காதே, அதை ஞாயிற்றுக்கிழமை சாமியார் பார்த்துக்கொள்வார். நான் சொல்வது சாதாரண விஷயம். உன் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தால், அது யாருடைய யோசனை என்று கேட்டவுடன் சொல்லிவிடு. உன்னுடையது என்றால் உன்னுடையது என்று சொல். மாப்பிள்ளையுடையது என்றால் அவருடையது என்று சொல். ஒரு நாள் தள்ளிப்போட்டால், அப்புறம் அதைச் சொல்ல, என்னைப் போலப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இன்னொன்று. உனக்கு ஒரு யோசனை தோன்றினால், ஓடுகிற பஸ்ஸாக இல்லாத பட்சத்தில், இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வா.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் போனால் போகிறது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். முதல் கட்டிலில் படுத்தபோது நான் கண்ணடிக்கவில்லை, கொட்டாவிதான் விட்டேன் என்று திருத்தினாள். பிறகு படத்தைக் கேட்டாள். பம்பாயில் கனமான தேங்காய் நார் மெத்தைதானே போடுவார்கள், இலவம்பஞ்சு கணக்கில் அச்சை வைத்திருக்கிறீர்களே என்று சொல்லி, துணியில் குறி போடுகிற நீலச் சாக்கை எடுத்து அச்சின் இடத்தை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிக் கோடு போட்டாள். படத்தில் நீ பார்க்கும் கறுப்புக் கோடு என்னுடையது, நீலக் கோடு அவளுடையது. தச்சரிடம் நீலக் கோட்டின்படி செய்யச் சொல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அச்சில் எண்ணெய் விட வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

படத்தின் அடியில், வலது மூலையில், 'யோசனை: உன் அம்மா' என்று எழுதியிருந்தேன். அதைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நாளைக்கு அந்தத் தச்சரு இத வெச்சுக்கினு வேற வூட்டுக்கும் செய்வாரு. அவருக்கு நான் அம்மாவா? பேர எழுதுங்க" என்றாள்.

அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன். மரியபுஷ்பம். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. இருக்கட்டும்.